சுமைதாங்கி

போட்டோப் பிடிக்கும் கலையைப் பற்றி எழுதப் புகுந்த பெரியோர்கள் ஒளியின் மகிமையையும், நிழலின் நயத்தையும், ஒரு முகத்தில் மின்னி மறையும் பாவத்தைக் கண நேரத்தில் கைப்பற்றும் சாமர்த்தியத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களேயன்றி, இவ்வளவுக்கும் ஆதாரமான அந்த யந்திரத்தையும் அதன் பரிவாரமாகிய லென்ஸ்களையும் வீட்டு வாசற்படியிலிருந்து காட்சி நடக்கும் ஸ்தலம் வரையில் சுமந்து செல்வது யார், எதில், எந்தத் தோளில் என்ற விஷயத்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால், வாலிபம் கழிந்த பிறகு இந்தக் கலையில் இறங்கிய எவனையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஒளி எப்படியாவது கிடைத்துவிடும், சௌகரியமான பை கிடைப்பதுதான் துர்லபம் என்று பெருமூச்சுடன் சொல்லுவான்.

ஆதியில் இந்தப் பிரச்னை எழவேயில்லை; காரணம், படம் பிடிப்பவன் எதையும் சுமக்கவில்லை. 1856-ல் சென்னை ராஜதானி சர்க்காரின் போட்டோக்காரராக நியமனம் பெற்ற காப்டன் லினேயஸ் டிரைப் என்ற துரை, மறு வருஷக் கடைசியில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று க்ஷேத்திராடனம் கிளம்பியபோது, அவருடைய காமிராவும் ரஸாயனச் சரக்குகளும் மாட்டு வண்டிகளில் ஏறி வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சித்திரமாக ஆக்கினார். அந்த யாத்திரையில் தோள்வலி என்று ஏதாவது ஏற்பட்டிருக்குமானால் அது மாடுகளுக்குத்தான் ஏற்பட்டிருக்கும். இவ்வளவும் செய்த மனிதருடைய இலாகாவை, 1859-ல் கவர்னராக வந்து சேர்ந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கிற இருப்புக்கு இந்த ஆடம்பரம் தாங்காது என்று தீர்மானித்து மூடச் செய்துவிட்டார். நான் புதிய பை ஒன்றைப் பற்றிப் பிரஸ்தாபிக்கும் போதெல்லாம் என் கிருகத்திலும் அதே அபிப்பிராயம் அதே கண்டிப்புடன் வெளியிடப்படுகிறது. ஆனால் இலாகா இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மற்றவர்களும் டிரைப்புக்குச் சளைத்தவர்கள் அல்லர். 1855-ல் கிரைமியா யுத்தத்தைப் படம் பிடிக்கப் போன ரோஜர் பெண்டன், ஒயின் வியாபாரி ஒருவருடைய பழைய வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றிக் குதிரைகளைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போனார். சாமுவேல் போர்ன் 1864-ல் காஷ்மீரத்துக்குப் புறப்பட்டபோது 40-க்கும் மேற்பட்ட கூலியாட்கள் அவர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். நம்மவர்களிலோ, நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும், வனவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துக் கீர்த்தி பெற்றவருமான மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே சேர்த்துப் பூட்டிய ஒரு யந்திரத்துக்குச் ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று நாமகரணம் செய்து வைத்திருந்தார். காட்டில் பழக்கிய யானையின்மேல் ஏறிக்கொண்டு படம் எடுப்பதும் அவருக்கு வழக்கம். காமிராவைச் சுமப்பதற்கு யானையைக் காட்டிலும் உத்தமமான ஏற்பாட்டை எந்தக் கம்பெனியும் இன்றுவரை கடையில் கொண்டுவந்து வைக்கவில்லை. முதுகு விசாலம், நடை நிதானம், மழைக்கென்று தனி உறை வேண்டாம். தெருவில் நிறுத்தி வைக்க இடம் கிடைக்காது என்ற ஒரே காரணத்தால்தான் நான் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

தன் சாமானைத் தானே சுமப்பது என்ற துர்ப்பழக்கத்துக்கு யார் பிள்ளையார் சுழி போட்டார்கள் என்று திட்டமாகச் சொல்வதற்கில்லை. ஆன்ஸல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் 1927-ல் பனி மூடிய மலைச் சரிவில் கண்ணாடித் தகடுகளும் பெட்டிக் காமிராவுமாகக் கனத்த மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி, யோஸமிட்டிப் பள்ளத்தாக்கின் பிரம்மாண்டமான பாறை முகத்தைப் படம் பிடித்தார் என்பதைப் பலரும் சிலாகித்துச் சொல்லுவார்கள். அப்போது அவருக்கு வயது 25 என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு. அந்த வயதில் தோள் எதைச் சொன்னாலும் கேட்கும். நாற்பதை எட்டிப் பிடிக்கும் தறுவாயில், 1941-ல், நியூ மெக்ஸிகோவில் நிலவு எழும் காட்சியை அவர் எடுத்தது, தமது காரின் கூரைமேல் அமைத்திருந்த மேடையில் நின்றுகொண்டு. அநுபவம் மனிதனை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்த வர்க்கத்துக்கு உண்மையில் விமோசனம் அளிக்க முயன்ற புண்ணியவான் ஆஸ்கார் பர்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருக்கு ஆஸ்துமா வியாதி. விடுமுறை நாட்களில் மலைப்பக்கம் உலாவப் போனால் கண்ணாடித் தகட்டுக் காமிராவின் பளு மூச்சை முட்டியது. ஆகையால், சினிமா பிலிமில் ஓடும்படியான, சட்டைப் பைக்குள் அடங்கக்கூடிய ஒரு சின்னஞ்சிறு காமிராவை 1913-14 வாக்கில் செய்து பார்த்தார். அதுவே 1925-ல் லைக்கா என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. ஒரு மனிதனுடைய இளைப்பு உலகத்தின் பாரத்தையே இறக்கி வைத்தது. இறக்கி வைத்த பாரத்தைச் சும்மா விட்டுவிட முடியுமா? அன்றிலிருந்து இன்றுவரை மோட்டாரையும், தூரப்பார்வை லென்ஸையும், உப பாட்டரியையும் ஒவ்வொன்றாக ஏற்றி, பர்னாக் எங்கே ஆரம்பித்தாரோ அந்த இடத்துக்கே பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறோம்.

‘இப்பொழுதுதான் மிரர்லெஸ் வந்துவிட்டதே, எல்லாம் இலேசாகிவிட்டதே’ என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. காமிராவின் உடம்பு இளைத்தது வாஸ்தவம்; லென்ஸ் இளைக்கவில்லை. 200 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 2.8 என்ற வாய் வேண்டுமென்றால், 200-ஐ 2.8-ஆல் வகுத்து வரும் 71 மில்லிமீட்டருக்குக் குறையாமல் முன்கண்ணாடி அகலமாக இருந்தே தீரவேண்டும். இது பௌதிக சாஸ்திரத்தின் விதி. வியாபாரியிடம் பேரம் பேசுவதுபோல் அதனிடம் பேச முடியாது.

என்னுடைய சொத்தைக் கணக்குப் பார்ப்போம். கானன் 5டி மார்க் 4 காமிரா, பாட்டரியுடன் 890 கிராம். 24-70 லென்ஸ் 805 கிராம். கோபுரத்தை ஒரே படத்தில் அடக்குவதற்கான 16-35 லென்ஸ் 790 கிராம். வேடந்தாங்கலில் நாரையின் முகத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பதற்கான 70-200 லென்ஸ் 1,490 கிராம். கூட்டினால் நாலு கிலோவுக்கு 25 கிராம் குறைவு. இவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற சத்சங்கற்பத்துடன் நாலா பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த முதுகுப் பை தானே இரண்டு கிலோ இருக்கும். ஆக, ஓர் உருப்படியான படமும் எடுப்பதற்கு முன்பே ஆறு கிலோ முதுகில் ஏறிவிடுகிறது. உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக அநுமதிப்பது 7 கிலோ. மாற்றுப் பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கையோடுதான் வைத்திருக்க வேண்டும் என்பது ஆகாய மார்க்கத்தின் இன்னொரு சட்டம். ஆகவே நம்மவர்களில் சிலர், புழுங்கும் மே மாதத்தில்கூட, பல பாக்கெட்டுகள் வைத்த கோட்டு ஒன்றை அணிந்து, பாக்கெட்டுக்கு ஒரு லென்ஸாக நிரப்பிக்கொண்டு, உடல் முழுவதும் கட்டிகள் கிளம்பியவர்களைப் போன்ற தோற்றத்தில் விமானம் ஏறுவதைப் பார்க்கலாம்.

பையைக் கடையில் சோதித்து வாங்குவதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பைக்குள் கசக்கிய காகிதம் அடைத்திருக்கும். காகிதம் அடைத்த பையில் சௌகரியமில்லாத பை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஐந்து கிலோவை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினால்தான் அதன் ஸ்வரூபம் வெளிப்படும். ஆனால், அவ்வளவு விலையுள்ள லென்ஸ்களை ஜனநெருக்கடியான கடைத்தெருவில் எடுத்துக்கொண்டு போய், இரவல் பைகளில் மாற்றி மாற்றிப் போட்டு எடுக்க யாருக்கு மனம் வரும்? ஆகையால் நான் சமையலறையின் ஒத்தாசையை நாடினேன். 70-200-க்குப் பதிலாக ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, 24-70-க்கும் 16-35-க்கும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக உளுத்தம் பருப்புப் பொட்டலங்கள் இரண்டு, காமிராவுக்குச் சர்க்கரை. தராசில் நிறுத்து, நூல் போட்டுக் கட்டி, எது எந்த லென்ஸ் என்று பென்ஸிலால் பெயரும் எழுதிக்கொண்டேன். “எல்லாரும் பருப்பு வாங்கறதுக்குக் கடைக்குப் போவாங்க, இவர் பருப்பை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போறார்” என்று என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னது வாசல்வரையில் கேட்டது.

கடையில் இருந்த பையன் நல்லவன். நான் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையின் அறைகளில் வைத்ததைச் சிறிது நேரம் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், இது கேமரா பேக் சார்” என்று மெதுவாகச் சொன்னான். விஷயத்தை விளக்கினேன். அதற்குப் பிறகு அவனுக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. “அந்த எழுபது-இருநூறைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்க சார், முதுகை ஒட்டி வரட்டும்” என்று துவரம் பருப்பைத் தானே இடம் மாற்றிக் கொடுத்தான். அவன் சொன்னது முற்றிலும் சரி. கனமான பொருள் முதுகெலும்பை ஒட்டி அமர்ந்தால் உடம்பு நிமிர்ந்து நிற்கும். அதே பொருள் நாலு அங்குலம் தள்ளிப் பின்னால் தொங்கினால், நாம் முன்னால் கூனிக்கொண்டு நடக்க நேரும்.

முதுகுப் பையின் உயிர்நிலை தோள் பட்டையில் இல்லை, இடுப்புப் பட்டையில் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பெலும்பின்மேல் உட்கார வைத்துக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாக மைல் கணக்கில் நடந்த ரகசியம் இதுதான்: பாரம் தோளைத் தொடாமல் இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிடுகிறது. பட்டையை இறுக்கிக் கட்டினால் தோள் பட்டைகள் பேருக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் இந்தப் பைகளை வகுத்தவர்கள் ஆறடி உயரமுள்ள ஆஜானுபாகுகளை மனத்தில் வைத்து வகுத்திருக்கிறார்கள். ஐந்தேகால் அடியில் நின்றுவிட்ட என் போன்றவர்களுக்கு இடுப்புப் பட்டை தொடையில் வந்து விழுகிறது. போதாக்குறைக்குத் தொந்தி என்று ஒன்று இருந்துவிட்டால், பட்டைக்கு இடுப்பெலும்பு இருக்கும் இடமே புலப்படாமல், மேலே ஏறுவதா கீழே இறங்குவதா என்ற சந்தேகத்திலேயே அது நாளைக் கழித்துவிடும். ஆகவே, முதுகின் நீளத்துக்குத் தக்கபடி பட்டையை ஏற்றி இறக்கும் வசதி உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு சங்கடம். லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் பையைக் கழற்றித் தரையில் கிடத்த வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் பையானால், முதுகில் படும் பக்கம் மண்ணில் படியும். தேர் ஓடிய வீதியின் சேறும் சாணமும் அப்படியே சட்டைக்கு வந்து சேரும். முதுகுப் பக்கம் திறக்கும் பைகள் இந்த அவமானத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுவதோடு, கூட்டத்தில் பின்னால் நிற்கிறவன் ஸிப்பை இழுக்கவொட்டாமலும் தடுக்கின்றன. ஆகையால் நான் அவற்றின் கட்சி. முன்காலத்தில் சாலையோரங்களில் மார்பளவு உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள் அல்லவா? வழிப்போக்கன் யாருடைய உதவியும் இல்லாமல் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவான். மாட வீதிக்கு ஒன்றாக இன்றும் அதை நட்டு வைத்தால், தர்மம் செய்தவர்களுக்குப் போட்டோக்காரர்களுடைய ஆசீர்வாதம் பூரணமாகக் கிடைக்கும்.

ஒற்றைப் பட்டையில் குறுக்கே தொங்கும் பை என்று ஒரு ரகம் இருக்கிறது. இழுத்தால் முன்னால் வரும், தள்ளினால் பின்னால் போகும், மிகவும் சுருக்கு என்பார்கள். அது நாம் இழுக்காமலும் வரும் என்பதுதான் கஷ்டம். ஸந்நிதியில் குனிந்தால் நமக்கு முன்பாக அதுவே போய் நமஸ்காரம் செய்து, எதிரில் நிற்கும் பெரியவரின் முழங்காலிலும் ஓர் இடி இடித்துவிட்டு வரும்.

எஞ்சியது தோள்பை. தமிழ் எழுத்தாளனுக்கு ஜோல்னாப் பை எவ்வளவு சொந்தமோ அவ்வளவு சொந்தம் பத்திரிகைப் போட்டோக்காரனுக்குக் கித்தான் தோள்பை. இங்கிலாந்தில் 1973-ல் ஆரம்பமான பில்லிங்ஹாம் கம்பெனியார் முதலில் தைத்து விற்றவை மீன் பிடிக்கிறவர்களுக்கான பைகளே. அவற்றை நியூயார்க் போட்டோக்காரர்கள் வாங்கித் தூண்டிற் சாமான்களுக்குப் பதிலாக லென்ஸ்களைப் போட்டுக்கொள்ளுகிறார்கள் என்பது சில வருஷங்கள் கழித்துத்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. கொக்கைப் போல் ஒற்றைக் காலில் மணிக்கணக்காகக் காத்து நிற்பதில் இரு சாராருக்கும் பேதம் இல்லாதபடியால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்றின் போட்டோக்காரரான ஜிம் டாம்கி என்பவர், கடையில் கிடைத்த பெட்டி போன்ற பைகளில் வெறுப்புற்று, 1970களின் நடுவில் தமக்கென்று ஒரு கித்தான் பையைத் தைத்துக்கொண்டார். அதில் பஞ்சு மெத்தை அநேகமாகக் கிடையாது. ஆகவே அது பெட்டி மாதிரி விறைத்து நிற்காமல் இடுப்போடு ஒட்டிப் படியும். தோள் பட்டையில் ரப்பர் இழைகள் ஓடுவதால் வழுக்காது. மூடியை மாட்டுவதற்கு உலோகக் கொக்கி.

அந்தக் கொக்கியின் அருமையை அறிய வேண்டுமானால் மார்கழிக் கச்சேரிக்குப் போகவேண்டும். வித்வான் ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அந்த மௌனத்தில், ஒரு போட்டோக்காரன் தன் பையின் வெல்க்ரோ மூடியைச் ‘சர்ர்ர்’ரென்று பிய்ப்பான். மிருதங்கக்காரர் தமக்குத் தெரியாமல் யார் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பார். முதல் வரிசை மாமிகளின் பார்வையை வர்ணிக்க எனக்குத் திராணி இல்லை. ஒரு பையைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பூட்டிப் பார்ப்பதைவிடத் திறந்து கேட்பது முக்கியம்.

ஆனால் தோள்பை எவ்வளவுதான் சிறந்ததானாலும், நாலு கிலோவை ஒரே தோளில் பிற்பகல் முழுதும் தொங்கவிட்டால், மறுநாள் காலையில் ஒரு தோள் மற்றதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருப்பதாக ஒரு பிரமை உண்டாகும். தையற்காரர் அளவெடுக்கையில் அது பிரமை அல்ல என்றும் சொல்லிவிடுவார். இதற்குப் பரிகாரம் பெரிய பை அல்ல. பெரிய பை வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள். காலி அறை ஒன்று பையில் இருக்கிறது என்ற சமாசாரம் வீட்டில் எப்படியோ பரவிவிடுகிறது. “அதுல இடம் இருக்குல்ல, இதையும் வெச்சுக்குங்க” என்று முதலில் தண்ணீர்ப் புட்டி வரும், பிறகு குடை, பிறகு வாழையிலையில் கட்டிய புளியோதரை. காஞ்சிபுரம் கருடசேவையில் பெருமாள் கோபுர வாசலைக் கடந்துகொண்டிருக்கையில், அவசரமாக 16-35 லென்ஸைத் தேடிய என் கையில் அகப்பட்டது அப்பளக் கட்டு. அதைக் காமிராவில் பொருத்த முடியாது.

திருட்டைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிப் பெயரைப் பளிச்சென்று பொறித்த கறுப்புப் பை, ‘என்னுள்ளே விலை உயர்ந்த சாமான் இருக்கிறது’ என்று பஸ் ஸ்டாண்டு முழுவதற்கும் தண்டோராப் போடுகிறது. கல்யாண வீட்டில் தாம்பூலத்துடன் கொடுக்கும் மஞ்சப்பையோ உலகத்தின் சகல கண்களிலிருந்தும் தப்பிவிடும். சர்க்காரே 2021-ல் அதற்குப் புத்துயிர் கொடுத்து ஊர்வலம் விட்டிருப்பதால் கௌரவக் குறைவும் இல்லை. காமிராவைத் துவாலையில் சுற்றி உள்ளே இறக்கி, மேலே ஒரு கட்டு கறிவேப்பிலையைப் பரப்பிவிட்டால், டெல்லி வரையில் போய் வரலாம். கைப்பிடி அறுந்துவிடுமோ என்ற கவலை ஒன்றுதான். அந்தக் கவலையில் படம் எடுப்பது மறந்துவிடும்.

வீடு திரும்பியதும் லென்ஸ்களைப் பையிலேயே உறங்கவிடுகிற வழக்கத்தையும் சென்னைவாசிகள் ஒழிக்க வேண்டும். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு திறந்து பார்த்தால், கண்ணாடிக்குள் பூஞ்சை கோலம் போட்டிருக்கும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியோ, இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலமோ போதும். பை பிரயாணத்துக்கு ஏற்பட்டது, குடியிருப்புக்கு அல்ல.

இவ்வளவையும் ஆலோசித்து நான் கடைசியில் வாங்கியது, காமிராவும் இரண்டு லென்ஸும் மட்டுமே கொள்ளும் ஒரு சிறிய கித்தான் தோள்பை. அப்பளக் கட்டுக்கு அதில் இடமில்லை. என் மனைவி அதைப் பிரயோஜனமற்ற பை என்று கருதுவதே அதற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம். 70-200 மட்டும் வெளியே நின்றுவிட்டது. அதற்கென்று, டிரைப் துரையின் பழைய முறையையே அநுசரித்து, காலேஜில் படிக்கும் என் அக்காள் மகனை ஏற்பாடு செய்திருக்கிறேன். வேடந்தாங்கலுக்கும் உற்சவங்களுக்கும் அவன் பின்னால் லென்ஸைச் சுமந்து வருவான். திரும்பும் வழியில் ஒரு காபியும் இரண்டு போண்டாவும் அவனுக்குச் சம்பளம். பல நாள் ஒழுங்காக நடந்து வந்த இந்த ஏற்பாட்டில் போன வாரம் ஒரு தொழில் தகராறு மூண்டது. “மாமா, ஒன்றரைக் கிலோவைக் கையிலேயே தூக்கிக்கிட்டு அலைய முடியாது. எனக்கு ஒரு பை வாங்கிக் குடுங்க, இடுப்புப் பட்டை வெச்சதா” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். நியாயமான கோரிக்கைதான். வரும் சனிக்கிழமை அவனையும் துவரம் பருப்பையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும்.